ஐ.டி.ஐ. போதும் என்று முடிவு செய்ய நீங்கள் யார்?



ஒவ்வொரு ஆண்டும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் காலனி அம்பேத்கர் படிப்பகத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட்டு உட்காருகிறோம். விண்ணப்பம் நிரப்பித் தருவது, சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் இ-சேவை மையத்துக்கு அலைவது, எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது. இவ்வளவுதான் வேலை. இந்த முறை இரண்டாம் நாளே ஒரு தம்பி வந்தான். 500க்கு 387. கணக்கில் 84. அப்பா பெயிண்ட் அடிக்கிறவர், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவன் கையில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த துண்டுச் சீட்டு. அதில் பக்கத்து ஊர் ஐ.டி.ஐ.யின் பெயர்.

"சார் எழுதிக் குடுத்தாருண்ணா. டி.சி. ரெடியா இருக்காம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கச் சொன்னாரு."

நீ என்னடா கேட்டாய் என்றோம்.

"ஃபர்ஸ்ட் குரூப் கேட்டேன். உங்கப்பாவால டியூஷன் வைக்க முடியுமாடா, கைத்தொழில் ஒண்ணு கத்துக்கிட்டா ரெண்டு வருசத்துல சம்பாதிக்கலாம்னு சொன்னாரு."

அதே வகுப்பில், ஊர்த்தெருவிலிருந்து வரும் இன்னொரு பையன் 342 வாங்கியிருக்கிறான். அவனுக்கு அதே பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப் கிடைத்துவிட்டது. அவன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த ஆசிரியரைக் கெட்டவர் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். எங்களைப் பயமுறுத்துவதே அந்த அக்கறைதான். சாதியைச் சொல்லித் திட்டினால் வழக்குப் போடலாம். பரிவோடு ஒரு துண்டுச் சீட்டை நீட்டி நாற்பது வருட வாழ்க்கையைத் தீர்மானித்தால் எந்தச் சட்டத்தில் போய் நிற்பது?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஐ.டி.ஐ. மட்டமான படிப்பு என்று நாங்கள் எழுதவில்லை. எங்கள் மேசையில் உட்காரும் நால்வரில் ஒருவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் விரலில் தெரிந்துவிடும் என்பார். அப்படிப்பட்ட கைக்கு மரியாதை கொடுக்காத நாடு இது என்பதுதான் சாதியின் வரலாறே. எங்கள் கேள்வி வேறு. எந்தப் பிள்ளை எந்த மட்டத்தில் நுழைய வேண்டும் என்பதை அந்தப் பிள்ளையின் கணக்கு மார்க்கும் விருப்பமும் தீர்மானிக்கிறதா, அப்பனின் தொழிலும் தெருவும் தீர்மானிக்கிறதா?

நுழையும் மட்டம் என்றால் என்ன என்பதை ரயில்வேயை வைத்துப் பார்த்துவிடலாம். அங்கே எல்லாம் வெளிப்படையாக அச்சில் இருக்கிறது. ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில் தண்டவாளப் பராமரிப்பாளருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். ஐ.டி.ஐ. முடித்து டெக்னீஷியன் மூன்றாம் நிலையில் சேர்ந்தால் 19,900. டிப்ளமோ முடித்து ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தால் 35,400. முதல் இரண்டுக்கும் நடுவே 1,900 ரூபாய்தான். அடுத்த படிக்கு 15,500 ரூபாய் தாவல். சம்பளத்தோடு இது முடிவதும் இல்லை. வெயிலில் நிற்பவர் யார், நிற்பவரின் வருகையைக் குறிப்பவர் யார் என்பதும் அந்த இடத்தில்தான் பிரிகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஜூனியர் இன்ஜினியர் தேர்வை டிப்ளமோ படித்தவரும் எழுதுகிறார், பி.இ. படித்தவரும் எழுதுகிறார். வினாத்தாள் ஒன்றே.

நம் பிள்ளைகளை எந்தப் படிக்குக் கீழே நிறுத்துகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

சரி, ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டால் அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. இந்தக் கணக்கைத்தான் எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. பத்தாவதுக்குப் பிறகு பிளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம், ஆக ஆறு. பத்தாவதுக்குப் பிறகு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ மூன்று வருடம், அதை வைத்து பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று வருடம். அதுவும் ஆறுதான். பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட டிரேடு, அதை வைத்து டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு, அது இரண்டு வருடம், பிறகு பி.இ.யில் மூன்று வருடம். ஏழு. கீழ்ப்படியிலிருந்து ஏறினால் ஒரே ஒரு வருடம்தான் கூடுதல்! "ஐ.டி.ஐ. போ" என்று சொல்லும் வாய், "அங்கிருந்து இப்படி மேலே போகலாம்" என்ற அடுத்த வாக்கியத்தை ஏன் விழுங்கிவிடுகிறது?

அதே நேரம் இந்த ஏணியில் ஒளிந்திருக்கும் உடைந்த படிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட் இவையெல்லாம் இரண்டு வருட டிரேடுகள். வெல்டர், பிளம்பர் ஒரு வருடம். ஒரு வருட டிரேடை முடித்துவிட்டு டிப்ளமோ இரண்டாம் ஆண்டுக்குப் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சில டிரேடுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சிக்கே இடம் உண்டு. எட்டாவதோடு ஒரு பிள்ளையை அங்கே அனுப்பினால், அவன் மேலே ஏறப் பத்தாம் வகுப்புக்கு இணைச் சான்று வாங்க வேண்டும். அதற்குத் தனியாக மொழிப்பாடத் தேர்வு எழுத வேண்டும். வழி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதை எடுத்துச் சொல்ல ஆள்தான் இல்லை. எட்டாவது முடித்த பிள்ளை யாராவது உங்கள் தெருவில் ஐ.டி.ஐ. என்று கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பத்தாவதை முடிக்க வையுங்கள். அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது, மூன்று மாதத் திறன் பயிற்சி. சான்றிதழும் ஒரு டி-ஷர்ட்டும் குரூப் போட்டோவும் கொடுப்பார்கள். குடும்பச் சுமையோடு இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு அது உதவலாம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது படிப்பு இல்லை.

இது புதிதாக வந்த நோய் இல்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளி அரைநாள், மீதி நேரத்தில் அப்பன் தொழில். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார், தமிழகம் கொதித்தது, 1954இல் காமராசர் அதை ஊற்றி மூடினார். எழுபது வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மாவைக் கொண்டுவந்தது. 18 தொழில்கள். அதில் செருப்புத் தைப்பதும் சலவையும் முடிதிருத்துவதும் உண்டு. நுழைய வயது 18. பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை கல்லூரியில் இருக்க வேண்டுமா, பரம்பரைத் தொழிலுக்குக் கடன் வாங்க வரிசையில் நிற்க வேண்டுமா? தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்தது. குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடு என்று கேட்டது. ஒப்புக்கொள்ளாததால் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. சரியான நிலைப்பாடு. பாராட்டுகிறோம்.

ஆனால் தோழர்களே, டெல்லியிலிருந்து வரும் குலக்கல்வியை எதிர்க்கத் தெரிந்த இந்த மாநிலத்துக்கு, தலைமையாசிரியர் அறையில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் குலக்கல்வி கண்ணில் படவில்லையே! அரசாணை போட்டால்தான் குலக்கல்வியா?

1942இல் அண்ணல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராகச் சேர்ந்தார். சேர்ந்த அதே ஆண்டில் பட்டியல் சாதிகளின் குறைகளை எழுதி வைஸ்ராயிடம் மனுவாகக் கொடுத்தார். அதில் அவர் முக்கியமாகக் கேட்டது அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உதவித்தொகை. வெளிநாடு சென்று அவற்றைப் படிக்கவும் உதவி கேட்டார். தொழிற்பயிற்சிக்கும் இடம் கேட்டார். கலைப் படிப்பும் சட்டமும் நம் மக்களைப் பெரிதாக உயர்த்திவிடாது, அறிவியலும் தொழில்நுட்பமும்தான் உயர்த்தும், ஆனால் அதற்கான செலவு நம்மால் முடியாது என்பது அவர் வாதம். அவர் பட்டறையையும் கேட்டார், பல்கலைக்கழகத்தையும் கேட்டார். ஒன்றைக் காட்டி இன்னொன்றை விட்டுக்கொடுக்கவில்லை. இன்று நாம் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வேர் அந்த மனுவில் இருக்கிறது.

இனி நம் பக்கத்துத் தவறு. இதை எழுதாமல் விட்டால் நாங்கள் யோக்கியர்கள் இல்லை.

ஐ.டி.ஐ. என்று தள்ளுகிறவர்கள் மீது நமக்குள்ள கோபம் நம்மை எதிர்த்திசையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட வைத்திருக்கிறது. "நம்ம புள்ள இன்ஜினியர் ஆகணும்" என்று மேடையில் பேசினோம். கைதட்டல் வாங்கினோம். பிளஸ் டூவில் பட்டியல் சாதி மாணவருக்கு 40 சதவீதம் இருந்தால் பி.இ. கவுன்சிலிங்கில் கலந்துகொள்ளலாம். அது உள்ளே நுழைவதற்கான அளவு. முதல் செமஸ்டர் கணக்குத் தாளில் தேறுவதற்கான அளவு வேறு. தமிழ் வழியில் படித்து, கணக்கில் தட்டுத்தடுமாறிய பிள்ளையை ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு நாம் அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டோம். அவன் அரியரைச் சுமந்துகொண்டு இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டால் கையில் மிஞ்சுவது பிளஸ் டூ சான்றிதழ். அதே மூன்று வருடத்தை டிப்ளமோவில் செலவழித்திருந்தால் ஒரு தகுதி கையில் இருந்திருக்கும். அதற்குப் பிறகு பி.இ.யில் சறுக்கினாலும் அந்தத் தகுதியை யாரும் பிடுங்க முடியாது.

நடுவில் ஏஜென்ட் வருவான். ஜூன் மாதத்தில் காலனிக்குள் பைக்கில் வருகிறவன். "எஸ்.சி.க்கு ஒரு பைசா கட்ட வேண்டாம், கவுன்சிலிங்கெல்லாம் எதுக்கு, நேரா சேர்த்து விடறேன்." தலைக்கு இவ்வளவு என்று கல்லூரியிலிருந்து அவனுக்கு வந்துவிடும். கவுன்சிலிங் வழியாகப் போகாமல் நேராகச் சேர்ந்தால் அது நிர்வாக ஒதுக்கீடு. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடையாது. இந்த ஒரு வரி தெரியாததால் எங்கள் தெருவிலேயே ஒரு தம்பி மாட்டினான். இரண்டாம் வருடம் ஃபீஸ் கட்டச் சொன்னார்கள். முடியவில்லை, நின்றுவிட்டான். பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொண்டது. ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. விதியே இருக்கிறது. அந்த விதியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நாலு முறை போய் நின்ற பிறகுதான் கொடுத்தார்கள். அதற்குள் ஒன்றரை வருடம் போயிருந்தது. அவனைச் சேர்த்துவிட்ட ஏஜென்ட் யார் என்று கேட்கிறீர்களா? நம்மவன்தான். கழுத்தில் நீலத் துண்டு போட்டுக்கொண்டு வந்தவன்தான்.

குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்து, ஒற்றைச் சாளர கவுன்சிலிங்கில் இடம் எடுத்தால் தனியார் கல்லூரியிலும் கட்டணத்துக்கு உதவித்தொகை உண்டு. டிப்ளமோவிலிருந்து நேரடி இரண்டாம் ஆண்டுக்கும் தனிக் கவுன்சிலிங் உண்டு. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி பல ஆண்டுகளாக அதை நடத்திவருகிறது. ஏஜென்ட் தேவையே இல்லை.

ஆகவே எந்த மட்டம் என்று எங்களிடம் கேட்டால் இப்போதெல்லாம் ஒரே பதிலைச் சொல்வதில்லை. கணக்கு நன்றாக வருகிறது, இரண்டு வருடம் வீடு தாங்கும் என்றால் பிளஸ் டூவில் ஃபர்ஸ்ட் குரூப்தான். அதில் மட்டும்தான் பொறியியலோடு மருத்துவம், அறிவியல் என்று எல்லா வாசலும் திறந்திருக்கும். டிப்ளமோவில் போய்விட்டால் நீட் வாசல் மூடிவிடும். மெஷினைத் திறந்து பார்ப்பதில் ஆசை இருக்கிறது, ஏட்டுக் கணக்கு கசக்கிறது, மூன்று வருடத்தில் வீட்டுக்குக் காசு வேண்டும் என்றால் அரசு பாலிடெக்னிக். தனியார் பாலிடெக்னிக்கைக் கடைசியாகப் பாருங்கள். வீட்டில் அடுப்பெரிவதே சிரமம் என்றால் அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருட டிரேடு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறார்கள். பழைய லேத் மட்டும் இருந்த இடத்தில் இன்று ரோபோ இருக்கிறது. அந்த ரோபோ முன்னால் நம் பிள்ளையை நிறுத்துங்கள். கையில் டிப்ளமோ நேரடிச் சேர்க்கை விண்ணப்பத்தையும் கொடுத்தே நிறுத்துங்கள்.

இன்னொரு விஷயம். இது இளம் தோழர்களுக்கு வேலையாகவே தருகிறோம். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தை எடுத்து 3ஏ பிரிவைப் படியுங்கள். குறிப்பிட்ட டிரேடுகளில் அப்ரண்டிஸ் எடுக்கும் முதலாளி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது அது. சட்டத்துக்கு உட்பட்ட தனியார் முதலாளியும் இதில் அடக்கம்! ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் எத்தனை ஆலைகள். அவற்றில் எத்தனை அப்ரண்டிஸ், அதில் நம்மவர் எத்தனை? தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் கேட்க பத்து ரூபாய் போதும். அப்ரண்டிஸுக்கும் காண்ட்ராக்ட் ஆளுக்கும் உள்ள வித்தியாசத்தையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2019இல் திருத்திய விதிகளில் அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று எழுதியே இருக்கிறது. "டிரெய்னி" என்று பேர் வைத்து எந்த ஒப்பந்தமும் இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களிடம் இதைக் காட்டிக் கேட்க வேண்டும்.

மறுபடி அந்தத் தம்பியிடம் வருகிறோம்.

நாங்கள் மேலே எழுதியதையெல்லாம் அவனுக்கும் ஒரு தாளில் போட்டுக் காட்டினோம். ஆறு வருடம், ஆறு வருடம், ஏழு வருடம். அப்பா பெயிண்டர், தமிழ் வழி, மூன்று வருடத்தில் சம்பளம் என்றெல்லாம் யோசித்து, அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே எங்களில் ஒருவர் பாலிடெக்னிக் விண்ணப்பத்தை எடுத்துப் பேரை எழுத ஆரம்பித்துவிட்டார். எலக்ட்ரிக்கல். நல்ல பிரிவுதான். அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்.

"அண்ணா, ஏழரை சதவீதம்னு சொல்றாங்களே, அது டிப்ளமோ படிச்சா கெடைக்குமா?"

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியலில் 7.5 சதவீதம் ஒதுக்கும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். பத்தாவதோடு டி.சி. வாங்கினால் அது போச்சு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த, கணக்கில் 84 வாங்கிய பிள்ளைக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஆசிரியர் துண்டுச் சீட்டு எழுதினார், நாங்கள் விண்ணப்பமே எழுதிவிட்டோம். அவரைத் திட்டி இவ்வளவு எழுதிவிட்டு எங்களைத் திட்டாமல் எப்படி இருப்பது?

"உனக்கு என்னடா வேணும்?" என்று அப்போதுதான் கேட்டோம்.

"ஃபர்ஸ்ட் குரூப். அதே ஸ்கூல்ல. அவன் ஒக்காந்திருக்கிற அதே க்ளாஸ்ல."

பிளஸ் ஒன் சேர்க்கையிலும் இடஒதுக்கீட்டு விதி உண்டு, பட்டியல் சாதிக்கு 18 சதவீதம். அந்தப் பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப்பில் மொத்தம் எத்தனை இடம், இதுவரை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியலைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் அம்மாவோடு நாங்கள் மூன்று பேர் போகிறோம். அவர் அன்றைக்கு நூறு நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டார். மார்க் ஷீட் நகல் இரண்டு, மனுவின் நகல் மூன்று எடுத்து வைத்திருக்கிறோம். டி.சி.யில் தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை.